எனக்கு மட்டும் என்றிருந்த பாட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இசை பற்றி நீங்கள் எழுதுவதை ஐந்தாறு வருடங்களாக வாசித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன்.

நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு எனக்குப் பதினேழு வயதில் கிடைத்தது. 'த டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பம். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினேன். "பட்டறையில தகரம் தட்டுற மாதிரி இருக்குடா" என்றார்கள். அதோடு யாருக்கும் காட்டுவதை விட்டுவிட்டேன். அப்புறம் இருபது வருடம் ஹெட்போனில்தான். அப்பா தவறிய வருடம், வேலை போன வருடம், தூக்கமே வராத ராத்திரிகள் எல்லாவற்றிலும் அந்த ஆல்பம் கூட இருந்தது. நான் என்ன கேட்கிறேன் என்று என் மனைவிக்கே சரியாகத் தெரியாது.

2025 சுற்றுப்பயணத்தில்தான் முதல் முறையாக நேரில் பார்த்தேன். அரங்கின் நடுவே சின்ன மேடை ஒன்றில், குழுவின் பாடகர் ட்ரெண்ட் ரெஸ்னர் தனியாகப் பியானோ முன் உட்கார்ந்து தொடங்கினார். அந்தச் சில நிமிடங்கள் உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருந்தது. பெரிய மேடைக்குப் போனதும் எல்லாம் மாறிவிட்டது. நெஞ்சில் இடிக்கும் சத்தம். கண்ணில் அறையும் வெள்ளை வெளிச்சம். வரிவரியாக எனக்குத் தெரிந்த பாட்டுகள்தான். ஆனால் ஆல்பத்தில் நான் தேடித் தேடிக் கேட்கும் சின்னச் சின்ன ஒலிகள் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

கடைசியில் அந்த ஆல்பத்தின் 'ஹர்ட்' பாட்டு வந்தது. அரங்கம் முழுக்கச் சேர்ந்து பாடியது. எங்கு பார்த்தாலும் செல்பேசி வெளிச்சம். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கோபம் வந்தது. பக்கத்தில் நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். அழுதுகொண்டே என் தோளில் கை வைத்தார். நான் சற்று நகர்ந்துகொண்டேன்.

வெளியே வந்தபோது எல்லாரும் கோயிலுக்குப் போய் வந்த முகத்தோடு இருந்தார்கள். வாழ்க்கையே மாறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது காதுக்குள் இரண்டு நாள் விடாமல் கேட்ட இரைச்சல் மட்டும்தான். நான் உண்மையான ரசிகன் இல்லையா? இல்லை, இந்த இசை நேரில் கேட்க வேண்டியதே இல்லையா?

அன்புடன்,
க.

•

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் "கோபம் வந்தது" என்று எழுதியிருக்கும் இடத்தைப் பலமுறை படித்தேன். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல அதைச் சொல்கிறீர்கள். எனக்கு அந்தக் கோபத்தில்தான் ஒரு பாட்டோடு இருபது வருடம் குடித்தனம் நடத்திய மனிதர் தெரிகிறார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்தக் குழுவின் பாட்டுகள் எப்படிப் பிறந்தன என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1980களின் கடைசியில் ரெஸ்னர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ரைட் ட்ராக் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தார். ஒலிப்பதிவுக்கு உதவுவது, தரையைப் பெருக்கித் துடைப்பது இரண்டும் அவர் வேலை. கூடம் காலியாகக் கிடக்கும் நேரங்களில் தன் பாட்டுகளின் முதல் வடிவங்களை அங்கேயே பதிவுசெய்தார். கூட வாசிக்க ஆள் கிடையாது. பெரும்பாலான கருவிகளைத் தானே வாசித்தார், மிச்சத்தை இயந்திரங்களிடம் விட்டார். 1989இல் வந்த முதல் ஆல்பம் அந்த வேலையிலிருந்து உருவானதுதான். வெளியே குழு என்று பெயர், உள்ளே இருந்தது ஒற்றை ஆள். ஆளில்லாத அறையில் ஒருவர் தனியாகச் செய்ததை நீங்கள் ஆளில்லாத அறையில் தனியாகக் கேட்டீர்கள். உங்கள் பேருக்கு வந்த தபால்போல இருபது வருடம் அதை வைத்திருந்தீர்கள். அதை ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் உரக்கப் படித்தால் கோபம் வரத்தானே செய்யும்?

சின்ன ஒலிகள் கேட்கவில்லை என்கிறீர்கள். அது உங்கள் காதின் குறை இல்லை. ஒலிக்கலவை செய்தவரையும் குறை சொல்லமாட்டேன். ஹெட்போனில் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று ஒலிகளைப் பிரித்து வைக்கலாம். பின்னந்தலையில் யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல ஓர் ஒலியை ஒளித்து வைக்கலாம். பெரிய அரங்கில் அப்படிப் பிரித்தால் இடப்பக்கம் இருப்பவருக்கு வலப்பக்க ஒலி போய்ச் சேராது. அதனால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றையேதான் அனுப்புவார்கள். மேலும் அந்த அரங்குகளில் பல, கூடைப்பந்துக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் கட்டப்பட்டவை. கான்கிரீட்டும் இரும்பும். கிக் டிரம்மின் தாழ்ந்த ஒலி அங்கே சீக்கிரம் அடங்காது. சுவரில் முட்டி முட்டித் திரும்பி வரும். தாழ்ந்த ஒலி பலமாக நிற்கும்போது அதற்கு மேலே இருக்கும் மெல்லிய ஒலிகளை அது மூடிவிடும். நீங்கள் தேடியவை அங்கே வாசிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். உங்களிடம் வந்து சேர வழியில்லை. அடுத்த முறை போனால் ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கலவை செய்பவர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் எல்லாவற்றையும் அமைப்பார். அவருக்குக் கேட்பது உங்களுக்கும் கேட்கும்.

ஆனால் அந்த ஒலிகள் எல்லாம் துல்லியமாகக் கேட்டிருந்தாலும் உங்கள் கோபம் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

இயந்திர ஓசையையும் இரும்புச் சத்தத்தையும் வைத்து நைன் இஞ்ச் நெயில்ஸ் போன்ற குழுக்கள் செய்யும் இண்டஸ்ட்ரியல் இசைக்கு மேடையோடு ஆரம்பத்திலிருந்தே தகராறு. மேற்கு பெர்லினில் 1980இல் தொடங்கிய ஐன்ஸ்டுர்ட்செண்டே நொய்பாவ்டன் என்ற குழுவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இடிந்து விழும் புதுக் கட்டடங்கள் என்று பொருள். பழைய இரும்பும் துளையிடும் இயந்திரமும்தான் அவர்களுடைய கருவிகள். 1984 ஜனவரி 3 அன்று லண்டனில் ஐ.சி.ஏ. கலைக்கூடத்தில் அந்தக் குழுவினர் சிலரும் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். கான்கிரீட் கலக்கும் இயந்திரம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, மேடையையே துளைக்கத் தொடங்கினார்கள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, நிர்வாகம் நிறுத்திவிட்டது. கூட்டம் விடவில்லை, மேடையை உடைக்கிற வேலையில் அவர்களும் இறங்கினார்கள். 2007இல் அதே கூடத்தில் அந்த இரவை மறுபடியும் நடத்திக் காட்டினார்கள். எனக்கு ஆச்சரியம் தருவது இந்தச் சங்கதிதான். முழுசாக நடக்காமல் போன ஒரு கச்சேரியை இருபத்துமூன்று வருடம் கழித்து ஒத்திகை பார்த்துத் திரும்ப நடத்துகிறார்கள் என்றால், அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் அதை எவ்வளவு சொல்லிச் சொல்லி வளர்த்திருக்க வேண்டும்!

இதே வகை இசை வாசிக்கும் அமெரிக்காவின் மினிஸ்ட்ரி குழு 1989–90 சுற்றுப்பயணத்தில் மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே கம்பி வலை வேலியே போட்டுவிட்டது. அந்தப் பயணத்தின் காணொளியைப் பாருங்கள். பையன்கள் வலையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள், உலுக்குகிறார்கள், முகத்தை அதில் பதித்துக்கொண்டு கத்துகிறார்கள். மேடையில் நெருப்பு மூட்டும் ஜெர்மன் குழுவான ராம்ஸ்டைனின் கச்சேரிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் பாட்டைவிட முகத்தில் அடித்த அனலைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். அதன் பாடகர் டில் லிண்டெமான் வாணவேடிக்கைக்கு முறைப்படி பயிற்சி பெற்றவர். எனக்கு அந்த நெருப்பைவிட இந்தக் கம்பி வேலியே நெருக்கமாக இருக்கிறது. உள்ளே இருப்பவன் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவன் உள்ளே போக முடியாது. ஆனாலும் இருவரும் ஒரே வலையைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

நான் நைன் இஞ்ச் நெயில்ஸை 2008இல் பார்த்தேன். மேடையின் முன்னும் பின்னும் ஒளித் திரைகள் இருந்த சுற்றுப்பயணம் அது. 'எக்கோப்ளெக்ஸ்' என்ற பாட்டு தொடங்கும்போது பின்திரையில் கட்டம் கட்டமாக ஒளி வந்தது. டிரம்மர் ஜாஷ் ஃப்ரீஸ் நாங்கள் இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டியபடி திரைமுன் போய் நின்றார். ஒரு கட்டத்தை விரலால் தொட்டார். அது எரிந்தது. அடுத்த சுற்று அந்த இடத்துக்கு வந்ததும் ஓர் அடி விழுந்தது. இன்னொன்றைத் தொட்டார், இன்னொரு அடி. ஒவ்வொரு கட்டமாக, எங்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு தாளம் கட்டி முடிந்தது. அவர் திரையை விட்டு நகர்ந்த பிறகும் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இந்த வகைக் குழுக்கள் பெரும்பாலும் இப்படித்தான் வாசிக்கின்றன. முன்பே பதிவுசெய்த இயந்திர ஒலி ஒரு பக்கம் ஓடும். டிரம்மரின் காதுக்குள் டிக் டிக் என்று க்ளிக் கேட்டுக்கொண்டே இருக்கும். அது யாருக்காகவும் நிற்காது. மனிதர்கள் அதோடு சேர்ந்து ஓட வேண்டும். மூச்சு வாங்கும், வேர்க்கும், குரல் உடையும். ஆல்பத்தில் ரெஸ்னரும் இயந்திரமும் ஒன்று. மேடையில் அது தனி, அவர் தனி. இரண்டுக்கும் நடக்கும் மல்லுக்கட்டைத்தான் நாம் பார்க்கிறோம். இதை ஹெட்போனில் எனக்கு யாரும் காட்டியதில்லை. நேரில் கேட்க வேண்டிய இசையா என்ற உங்கள் கேள்விக்கு, என்னளவில், ஆமாம் என்று சொல்ல இந்த ஒரு காட்சி போதும்.

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். என்னிடமிருந்து நாலடி தள்ளி, கூட்டம் மோதிக்கொண்டு ஆடும் இடத்தில் ஒரு பெண்ணின் ஷூ கழன்றுவிட்டது. அவள் குனிந்தாள். அந்த நெரிசலில் குனிந்தால் எழுந்திருக்க முடியாது. உடனே ஒரு பெரிய உடம்புக்காரர் அவளுக்குப் பின்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றார். இன்னொருவன் எதிர்ப்பக்கம் நின்றான். பாட்டு ஒரு நொடிகூட நிற்கவில்லை, சுற்றிலும் அதே ஆட்டம். அந்தக் கைகளுக்கு நடுவே முறம் அளவு வெற்றிடம். வெளிச்சம் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்ததால் அவள் ஷூவுக்குள் காலை நுழைப்பது, முடிச்சைப் போடுவது எல்லாம் தனித்தனிப் புகைப்படங்களாகத் தெரிந்தது. அவள் எழுந்து அவர் முழங்கையைத் தட்டினாள். கைகள் மடங்கின, வெற்றிடம் மூடிக்கொண்டது. அன்று பாடிய பாட்டுகளின் வரிசை எனக்கு மறந்துபோய்விட்டது. அந்த முடிச்சு மறக்கவில்லை.

ஆல்பம்போல இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1994 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் திறந்தவெளி இசை விழாவில் நைன் இஞ்ச் நெயில்ஸ் வாசித்தது. நீங்கள் நெஞ்சில் வைத்திருக்கும் அந்த ஆல்பம் வெளிவந்து ஐந்தே மாதம் ஆகியிருந்தது. மழையில் திடல் முழுக்கச் சேறு. குழுவினரும் மேடை ஏறுவதற்கு முன்பே சேற்றில் புரண்டுவிட்டார்கள். தலை முதல் கால் வரை மண் அப்பிக்கொண்டு, கூட்டத்தில் இருப்பவனுக்கும் பாடகனுக்கும் வித்தியாசம் தெரியாதபடி நின்று வாசித்தார்கள். சின்ன ஒலிகளுக்கெல்லாம் அன்று இடமே இருந்திருக்காது. அந்த இரவில் பதிவான ஒரு பாட்டுக்கு 1996இல் கிராமி விருது கிடைத்தது.

இனி 'ஹர்ட்'. இதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1990களின் நடுவில் அந்தப் பாட்டை மேடையில் பாடும்போது ரெஸ்னர் தனக்கும் கூட்டத்துக்கும் நடுவே மெல்லிய திரை ஒன்றை இறக்கிவிடுவார். அதில் போரின் காட்சிகள் ஓடும். செத்த நரி ஒன்றின் உடல் அழுகுவதைப் பின்னோக்கி ஓடவிட்டிருப்பார்கள். அவர் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். பாட்டை எல்லாருக்கும் கொடுக்கவும் வேண்டும், தன்னோடு வைத்துக்கொள்ளவும் வேண்டும் என்று தவித்த ஒருவர் செய்த ஏற்பாடாகவே அது எனக்குப் படுகிறது. 1995 இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியோடு சேர்ந்து சுற்றுப்பயணம் போனார். ஒரு குழு இறங்கி இன்னொரு குழு ஏறும் இடைவெளியே இல்லாமல், இரண்டு குழுக்களும் கலந்து சில பாட்டுகளை வாசித்தன. அங்கே 'ஹர்ட்' பாட்டைப் போவியும் அவரும் மாற்றி மாற்றிப் பாடினார்கள். பாட்டில் இன்னொரு தொண்டை நுழைந்துவிட்டது.

2002இல் அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் அதைப் பாடினார். எழுபது வயது, உடம்பு முடியாத நிலை. யோசனையைக் கேட்டபோது ரெஸ்னருக்கு முதலில் அது ஒட்டவில்லை. தன் படுக்கையறையில் எழுதிய அந்தரங்கமான பாட்டு, அதை வேறு ஒருவர் குரலில் கேட்பது சங்கடமாக இருந்தது. கேஷ் பாடியதற்கு இயக்குநர் மார்க் ரோமானெக் எடுத்த காணொளியைப் பார்த்த பிறகு, அந்தப் பாட்டு இனி என்னுடையது இல்லை என்றார். காதலியை இழந்ததுபோல இருந்தது என்றும் சொன்னார்.

எழுதியவருக்கே அப்படி இருந்திருக்கிறது, க. நீங்கள் அரங்கத்தில் நின்று அனுபவித்ததும் இதைத்தான் என்று நினைக்கிறேன். உங்கள் அப்பா தவறிய வருடத்தில் உங்களோடு தூங்காமல் இருந்த பாட்டு, அறிமுகமில்லாத ஆயிரம் பேரோடும் அதே உரிமையில் பழகுவதைப் பார்த்தீர்கள். அதை இழப்பு என்று சொல்லத் தயங்காதீர்கள். ஒரு ரசிகருக்கு நேரக்கூடிய பெரிய இழப்பு அது. மற்றவர்கள் பரவசமானார்கள் என்பதற்காக நீங்களும் பரவசமாகியிருக்க வேண்டியதில்லை. அதே நேரம் அவர்கள் நடித்தார்கள் என்றும் எண்ண வேண்டாம். வருடக்கணக்காகத் தனியாகக் கேட்டவர்கள்தான் அவர்களில் பலரும். இவ்வளவு பேர் தன்னைப்போல இருந்திருக்கிறார்கள் என்று கண்டதில் சிலருக்கு ஆறுதல் வரும். உங்களுக்கு வலி வந்தது. இரண்டுமே அந்தப் பாட்டை ஆழமாக நேசித்தவர்களுக்குத்தான் வரும். உண்மையான ரசிகனா என்று என்னிடம் கேட்கிறீர்கள். அந்தப் பாட்டைச் சேர்ந்து பாடியதற்காக ஆயிரம் பேர்மேல் கோபப்பட்டிருக்கிறீர்கள். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

தோளில் கை வைத்தவரைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அறுபது வயது என்கிறீர்கள். அப்படியானால் அந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு முப்பதுக்குப் பக்கத்தில். நீங்கள் கேட்கத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். அவருக்கும் யாரோ தவறியிருக்கலாம். நகர்ந்துகொண்டதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் உங்களால் முடிந்தது அவ்வளவுதான். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? உங்கள் கடிதத்தில் விளக்கு, சத்தம், மேடை எல்லாம் ஒரு வரி, இரண்டு வரி. அந்த மனிதருக்கு வயதிருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, கை இருக்கிறது. உங்கள் கச்சேரி அங்கேதான் நடந்திருக்கிறது. அவரைப் பற்றி நினைவிருப்பதையெல்லாம் எழுதி வையுங்கள். எந்தத் தோள், எவ்வளவு நேரம், நீங்கள் நகர்ந்த பிறகு அந்தக் கை எங்கே போனது என்பது உட்பட. எனக்கு அனுப்ப விருப்பமிருந்தால் அனுப்புங்கள்.

உங்கள் மனைவிக்கு அந்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டுவது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது உங்கள் முடிவு.

கடைசியாக, நான் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காதில் இரண்டு நாள் இரைச்சல் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்தச் செவிகளால்தானே இருபது வருடம் அந்தச் சின்ன ஒலிகளைத் தேடினீர்கள்? 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி நேரம், 91க்கு இரண்டு. 100 டெசிபலுக்கு வரும்போது பதினைந்தே நிமிடம். கேளிக்கை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 2022இல் உலக சுகாதார அமைப்பும் சொல்லியிருக்கிறது. நீங்கள் அங்கே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் நின்றிருப்பீர்கள். உட்காதில் இருக்கும் மெல்லிய மயிரணுக்கள் ஒருமுறை செத்துவிட்டால் திரும்ப முளைக்காது.

நுரைப்பஞ்சு இயர்ப்ளக் போதும். சும்மா காதில் செருகினால் பலன் இல்லை. இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து ஊசிபோல மெல்லிதாக உருட்டுங்கள். இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். அப்போதுதான் துளை நேராகும். உள்ளே செலுத்தி, அது விரிந்து அடைத்துக்கொள்ளும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். ஒலி மந்தமாகும். ஆனால் மண்டைக்குள் ஒன்றோடொன்று மோதும் இரைச்சல் குறைவதால், சொற்கள் பலருக்கு முன்னைவிடத் தெளிவாகவே கேட்கும். நான் 2008இல் அப்படித்தான் கேட்டேன்.

இரைச்சல் இப்போது நின்றுவிட்டதா என்று நீங்கள் எழுதவே இல்லை. ராத்திரி அமைதியான அறையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து கவனியுங்கள். மெலிதாக இருந்தாலும் சரி, காது மருத்துவரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அடுத்த கடிதத்தின் முதல் வரியில் அதை எழுதுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அன்புடன்,
அக்கா